முந்திரித்தோப்புக்குப் போன மதியம்

போன மாதம் நாமெல்லாம் கூடியிருந்தபோது நம்மில் ஒருத்தி, வயசுக்கு வந்த தன் மகளுக்குச் சடங்கு சுற்றலாமா, சத்தமில்லாமல் விட்டுவிடலாமா என்று கேட்டாள். ஆளுக்கொன்று சொன்னீர்கள். என் முறை வந்தபோது யாரும் என்னைப் பேச விடவில்லை. அவளுக்கென்ன, நம்ம கிளாஸிலேயே முதலில் அவளுக்குத்தான், தெருவை அடைத்துப் பந்தல் போட்டார்களே என்று சொல்லிச் சிரித்தீர்கள். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்த பிறகும் வெகுநேரம் முகம் சூடாகவே இருந்தது. காதோரம் நரைத்துவிட்டது, மகளுக்கு நான் புடவை கட்டக் கற்றுக்கொடுக்கிற நாள் வந்துவிட்டது, அந்தச் சூடு மட்டும் ஆறவில்லை.

உங்களுக்குத் தெரிந்தது பந்தலிலிருந்து தொடங்குகிறது. எனக்கு அது எட்டாம் வகுப்புக் கடைசிப் பரீட்சையிலிருந்து தொடங்குகிறது. மணி அடித்ததும் பேனா மூடியைக் கழற்றிக்கொண்டு ஒருவர் மேல் ஒருவர் மை தெளித்தோமே, அன்று. என் வெள்ளைச் சட்டை முதுகில் கழுத்திலிருந்து இடுப்பு வரை நீலம் ஓடியிருந்தது. நீங்களெல்லாம் சிரித்துக்கொண்டே வீட்டுக்குப் போனீர்கள். நான் பயந்துகொண்டே நடந்தேன். அந்தச் சட்டையை ஒன்பதாவதுக்கும் போடவேண்டும் என்று அம்மா அன்று காலையில்தான் சொல்லியிருந்தாள்.

எங்கள் வீடு செராமிக் எஸ்டேட்டுக்குப் பின்னால் இருந்தது உங்களுக்குத் தெரியும். அப்பா ஒரு சின்னக் கம்பெனியில் சூளை பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா அதே வரிசையில் இன்னொரு கம்பெனியில், அச்சிலிருந்து எடுத்த பொம்மைகளின் பிசிறைக் கத்தியால் சுரண்டுகிற வேலை. சாயங்காலம்தான் வருவாள். அதுவரை வீட்டில் யாரும் இல்லை. பக்கத்து வீட்டில் இருந்த அத்தை, அப்பாவின் அக்கா, என்னைப் பார்த்துக்கொள்வதாகப் பேச்சு. அத்தை கண்ணில் பட்டால் மை விஷயம் அம்மா வருவதற்குள் தெரு முழுக்கப் போய்விடும். அதனால் வீட்டுக்குப் போகிற ரோட்டில் திரும்பாமல் எஸ்டேட் மதிலை ஒட்டிய வண்டித்தடத்தில் நடந்தேன். மை காயட்டும், வேர்வையில் கொஞ்சம் மங்கட்டும் என்று நினைத்தேன். மை அப்படி மங்காது என்று தெரியாத வயதும் இல்லை. வீட்டுக்குப் போவதைத் தள்ளிப்போட ஒரு காரணம் வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

மதிலுக்குப் பின்னால் உடைந்த சரக்கைக் கொட்டி வைத்திருப்பார்கள். வெடித்த ஃபியூஸ் கேரியர், மூக்கில்லாத ஜாடி, தலை ஒட்டாத பிள்ளையார், கை மட்டும் தனியாகக் கிடக்கும் நாட்டியப் பொம்மை. மத்தியான வெயிலில் அந்தக் குவியல் கண்ணைக் கூசும். செருப்புக்கடியில் கரக் கரக்கென்று நொறுங்கும். அதைத் தாண்டினால் வெள்ளை மண் முடிந்து செம்மண் தொடங்கும். நான் அதுவரை அந்த இடத்தைத் தனியாகத் தாண்டியதே இல்லை. விறகு பொறுக்க அத்தையோடு போயிருக்கிறேன், ஆட்டுக்குத் தழை ஒடிக்க அம்மாவோடு போயிருக்கிறேன். யாரோ ஒருத்தர் முன்னால் நடப்பார்கள், நான் அவர்கள் முதுகைப் பார்த்துக்கொண்டு நடப்பேன். அன்று எனக்கு முன்னால் யாரும் இல்லை. தடம் முழுக்க எனக்குத் தெரிந்தது.

அது ஒரு பெரிய நடை அல்ல. வீட்டிலிருந்து கூப்பிட்டால் கேட்கிற தூரத்தைக் கொஞ்சம் தாண்டினால் முந்திரித்தோப்பு வந்துவிடும். ஆனால் எனக்கு வெளியூர் போனதுபோல இருந்தது. செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டேன். மண் சுட்டது. மர நிழலுக்கு நிழல் ஓடினேன். யாரும் கேட்கவில்லை என்று தெரிந்ததும் சத்தமாகப் பேச ஆரம்பித்தேன். பரீட்சையில் எழுதாமல் விட்ட கேள்விக்குப் பதில் சொன்னேன். டீச்சரைப் போலப் பேசினேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. வீட்டில் நான் பேசினால் பாதியிலேயே யாராவது வேலை சொல்லிவிடுவார்கள்.

தோப்பில் பழம் உதிர்கிற காலம். சிவப்பும் மஞ்சளுமாகக் கீழே கிடந்தது. இனிப்பும் புளிப்பும் கலந்த கள் வாசனை காற்றில் நின்றது. பழத்தை யார் வேண்டுமானாலும் தின்னலாம், கொட்டையைத் திருகி மரத்தடியில் போட்டுவிட வேண்டும் என்பது எங்கள் பக்கத்து வழக்கம். நான் ஒழுங்காகக் கொட்டையைத் திருகி வைத்துவிட்டுத்தான் தின்றேன். சாறு முழங்கையில் வழிந்தது. தொண்டை கரகரத்தது. முந்திரி மரத்தின் கிளை தரையைத் தொட்டுக்கொண்டு கிடக்குமே, அப்படி ஒரு கிளையில் சாய்ந்து கீழே காலை நீட்டி உட்கார்ந்தேன். சருகுக்கு அடியில் என்ன இருக்கிறது என்று பார்க்கவில்லை. தூரத்தில் ரயில் போனது. வண்டி தெரியவில்லை, சத்தம் மட்டும் வந்து போனது. எதற்காகவும் இல்லாமல் அப்படியே உட்கார்ந்திருந்தேன். என்னை யாரும் தேடவில்லை, நானும் யாரையும் தேடவில்லை. அந்த மாதிரி ஒரு சந்தோஷம் அதற்குப் பிறகு எனக்கு வாய்த்ததா என்று யோசித்துப் பார்க்கிறேன். ஒன்றிரண்டு முறை இருக்கலாம்.

வெயில் சாய ஆரம்பித்ததும் எழுந்து, பாவாடையைத் தட்டிவிட்டுக்கொண்டு திரும்பினேன். நம் பள்ளிக்கூடப் பாவாடை சந்தன நிறம் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

தெருவுக்குள் நுழைந்ததும் குழாயடியில் நின்ற இரண்டு பெண்கள் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். மையைப் பார்க்கிறார்கள் என்று நினைத்து முதுகைச் சுவர்ப் பக்கமாகத் திருப்பிக்கொண்டு நடந்தேன். அத்தை வாசலில் உட்கார்ந்து அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். என் முதுகை ஒரு முறை பார்த்தாள். முறத்தைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வந்து, தோளில் கிடந்த துண்டை எடுத்து என் இடுப்பில் சுற்றினாள். திட்டப்போகிறாள் என்று கண்ணை மூடிக்கொண்டேன். அவள் என் கன்னத்தை வழித்துத் தன் நெற்றியில் சொடுக்கினாள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. மை தெளித்ததற்கு யாராவது திருஷ்டி கழிப்பார்களா?

பின்வாசலுக்குக் கூட்டிப்போய்ப் பாயில் உட்கார வைத்து, யாரும் தொடக்கூடாது என்று சொன்ன பிறகுதான் புரிந்தது. உடம்பெல்லாம் குப்பென்று சூடானது. முந்திரிப்பழத்துச் சாறு அத்தை, தோப்பில் உட்கார்ந்தேன் என்று சொன்னேன். சொன்னேன் என்பதை நீங்கள் நம்ப வேண்டும். இரண்டு முறை சொன்னேன்.

"எல்லாப் பொண்ணும் மொத நாளு இப்பிடித்தாண்டி எதுனா சொல்லும்" என்றாள் அத்தை. "நான்கூட செம்மண்ணுன்னுதான் சொன்னன். வெக்கப்படாத."

அத்தைக்குப் பிள்ளை இல்லை. தன் கையால் ஒரு பெண்ணுக்கு மஞ்சள் தண்ணீர் ஊற்ற வேண்டும் என்று அவள் எத்தனை வருடம் காத்திருந்தாள் என்பது இப்போதுதான் எனக்குத் தெரிகிறது. அன்று அவள் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். என் பேச்சு அதற்குள் நுழையவே முடியவில்லை. என் பக்கத்தில் ஒரு அரிவாளையும் வேப்பங்கொத்தையும் வைத்துவிட்டு, டெலிபோன் பூத்துக்கு ஓடினாள். எங்கள் ஜில்லாவிலேயே இருக்கிற மங்களூரில், மாமாவின் வீட்டுக்குப் பக்கத்திலிருந்த மளிகைக் கடைக்குப் போன் போட்டாள்.

மாமா அம்மாவுக்கு ஒரே அண்ணன். எங்கள் வீட்டுக்கு வருவதை நிறுத்தி மூன்று வருடம் ஆகியிருந்தது. அம்மாவின் அப்பா இறந்தபோது எங்கள் அப்பா சூளையில் நெருப்புப் போட்டிருந்தார். பாதியில் விட்டால் சரக்கு முழுக்க வெடித்துவிடும். மாற்று ஆள் வந்த பிறகு புறப்பட்டுப் போய்ச் சேர்வதற்குள் எடுத்துவிட்டார்கள். சுடுகாட்டிலிருந்து திரும்பிய மாமா, ஒரு வீட்டு மருமகனுக்கு மண்ணு பொம்மைதான் பெருசா என்று கூட்டத்தில் வைத்துக் கேட்டுவிட்டார். அப்பா அடுத்த பஸ்ஸிலேயே திரும்பினார். அத்தோடு போக்குவரத்து நின்றது. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் அம்மா வாசலைப் பார்த்துக்கொண்டு நிற்பாள்.

அந்த மாமா மறுநாள் முதல் பஸ்ஸில் வந்து இறங்கினார். கூடவே ஒரு கட்டுப் பச்சைத் தென்னங்கீற்று. வாசலில் நின்றுகொண்டு, உள்ளே வரலாமா என்று கேட்டார். அப்பா எழுந்துபோய் அவர் கையிலிருந்த கட்டை வாங்கினார். அவ்வளவுதான் அவர்கள் சமாதானம். நான் பின்வாசலிலிருந்து எட்டிப் பார்த்தேன். அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள்.

முதல் நாள் சாயங்காலம் வேலையிலிருந்து வந்த அம்மாவை அத்தை என் பக்கத்தில் விடவே இல்லை. தலைக்கு ஊற்றுவதும், மாற்றுத்துணி கொடுப்பதும் அத்தையே செய்தாள். அழுக்குப் பாவாடை ஒரு பக்கெட்டில் கிடந்தது. மாமா வந்த பிறகு, உள்ளே அவரும் அப்பாவும் டீ குடிக்கிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தபோது, அம்மா பக்கெட்டைத் தூக்கிக்கொண்டு துவைக்கிற கல்லுக்கு வந்தாள். நான் பாயில் உட்கார்ந்து பார்த்தேன். சோப்புப் போட்டுத் தேய்த்தாள். கறை இன்னும் கறுத்தது. பிழிந்து விரித்து வெளிச்சத்தில் பிடித்தாள். மூக்கில் வைத்து முகர்ந்தாள். அப்படியே குந்தியிருந்தாள்.

நம் பக்கத்துப் பெண் அவள். முந்திரிக் கறை எது, மற்றது எது என்று அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

"எங்கடி போன நேத்து?"

தோப்புக்கு என்றேன்.

"யார்கூட?"

யார்கூடவும் இல்லை, சும்மா நடந்துபோனேன் என்றேன். அதற்குத் திட்டுவாள் என்று பார்த்தேன். அம்மா திட்டவில்லை. உள்ளே மாமா ஏதோ சொல்ல, அப்பா சிரித்தார். அப்பா சிரிப்பது எனக்கே அபூர்வம். அம்மா அந்தப் பக்கம் தலையைத் திருப்பிக் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"ஒங்க மாமன் வந்துருக்குது, பாத்தியா?" என்றாள். குரல் எனக்கு மட்டும் கேட்கிற அளவில் இருந்தது.

பார்த்தேன் என்று தலையசைத்தேன். அம்மா எழுந்து, அந்தப் பாவாடையை ஈரத்தோடு சுருட்டி, வெந்நீர் அடுப்புக்குள் தள்ளினாள். அது எரியாமல் புகைந்துகொண்டே கிடந்தது. சட்டையை மட்டும் ஊற வைத்தாள். மையைப் பற்றி அவள் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அதற்குப் பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். மாமா தன் கையாலேயே பச்சைக் கீற்றில் குடிசை கட்டினார். அதற்குள் உட்கார்ந்து பச்சை முட்டையையும் நல்லெண்ணெயையும் உளுந்தங்களியையும் விழுங்கினேன். ஒவ்வொரு வாயும் திருடித் தின்பதுபோல இருந்தது. நீங்கள் நாலைந்து பேர் வந்து குடிசைக்கு வெளியே உட்கார்ந்தீர்கள். ஒருத்தி மட்டும் கீற்றுக்குப் பக்கத்தில் வாயை வைத்து, வயிறு வலித்ததா என்று கேட்டாள். ஆமாம் என்றேன். எப்படி வலித்தது என்று அடுத்தவள் கேட்டாள். கடலை தின்றால் வலிக்குமே அதுபோல என்றேன். நீங்கள் எல்லோரும் என்னைப் பார்த்த பார்வையில் அப்படி ஒரு மரியாதை. நான் உங்களைவிட முன்னால் எங்கோ போய்விட்டதுபோலப் பார்த்தீர்கள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். வெட்கப்படுகிறாள் என்று சொல்லிச் சிரித்தீர்கள். உண்மைதான்.

ஊருக்கு அப்போதுதான் ஃப்ளெக்ஸ் போர்டு வந்த புதிது. பஸ் திரும்புகிற முனையில் என் படம். கன்னத்தில் கை வைக்கச் சொல்லி எடுத்தது. பின்னால் ஏதோ ஒரு அருவி, பக்கத்தில் இரண்டு அன்னப்பறவை. டியூஷனில் நம்மோடு படித்த பையன்கள் அந்த வழியாகத்தான் சைக்கிளில் போவார்கள். மழையில் கிழிந்து விழும்வரை அதை யாரும் எடுக்கவில்லை.

விழாவில் மாமா எனக்கு மாலை போட்டபோது குனிந்து காதில் பேசினார். வீடியோக்காரர் எங்கள் மேல் வெளிச்சம் பிடித்துக்கொண்டிருந்தார்.

"அன்னைக்கு வாய் தவறி ஒரு வார்த்த வுட்டுட்டன் பாப்பா. எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு வர்றதுன்னு இருந்தன். ஒன்னாலதான் வர முடிஞ்சுது."

என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. மாலையிலிருந்த சம்பங்கியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் எடுத்து வந்த குங்குமக் கலர் பட்டுப்பாவாடை என் மேல் பாரமாக இருந்தது. அம்மா எதிரில் தாம்பாளத்தோடு நின்றிருந்தாள். என்னைப் பார்த்தாள், உடனே வேறு பக்கம் பார்த்தாள்.

இப்போது யோசித்தால் ஒன்று தெரிகிறது. அம்மா ஒரு பஸ் ஏறிப்போய் அண்ணே என்று கூப்பிட்டிருந்தால் மாமா அன்றைக்கே வந்திருப்பார். மாமாவும் சும்மாவே ஒரு நாள் வந்து நின்றிருந்தால் அப்பா அந்தக் கட்டை வாங்கியதுபோலத்தான் கையைப் பிடித்திருப்பார். மூன்று பெரியவர்கள் ஆளுக்கொரு மூலையில் காரணத்துக்காகக் காத்திருந்தார்கள். என் பாவாடை அகப்பட்டது.

பத்துப் பதினைந்து நாளில் எல்லாம் முடிந்துவிடும் என்றுதான் அம்மாவும் நினைத்திருப்பாள். முடியவில்லை. மாதம் பிறந்ததும் அத்தை கணக்குக் கேட்க ஆரம்பித்தாள். என்ன, இன்னும் உட்காரலையா, டாக்டர்கிட்ட காட்டலாமா என்று வாசலில் நின்று கேட்டாள். அதற்குப் பிறகு மாதாமாதம் அம்மா என்னிடம் கண்ணைக் காட்டுவாள். நான் பாயும் தட்டும் டம்ளரும் எடுத்துக்கொண்டு பின்வாசலில் மூன்று நாள் உட்காருவேன். ஒன்றும் இல்லாத உடம்போடு தள்ளி உட்கார்ந்திருப்பேன். அம்மா தூரத்திலிருந்து சோற்றைத் தள்ளுவாள். யாரும் பார்க்காதபோது சட்டென்று ஒரு அப்பளத்தைப் போட்டுவிட்டுப் போவாள். அதைப் பற்றி நாங்கள் பேசிக்கொண்டதே இல்லை. பேசினால் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க வேண்டியிருக்கும்.

அப்பா என்னைச் சைக்கிளில் ஏற்றுவதை நிறுத்தினார். உடைந்த சரக்குக் குவியலைத் தாண்டி நான் தனியாகப் போகக்கூடாது என்று அத்தை சொன்னாள். தோப்பு அங்கேயேதான் இருந்தது. காற்றடித்தால் பூ வாசனை வீடுவரை வரும். செய்யாத ஒன்றுக்காக எனக்கு மாலை போட்டார்கள், செய்த ஒன்றை, அந்தக் கொஞ்ச தூர நடையை, யாரும் கேட்கவே இல்லை. அம்மாவைத் தவிர.

உண்மையில் அது வந்தது அடுத்த மாசி மாதத்தில், ஒரு ஞாயிற்றுக்கிழமை. மாமா வந்திருந்தார். இப்போதெல்லாம் அவர் மாதம் ஒரு முறையாவது வந்துவிடுவார். அம்மா ஆட்டுக்கறி எடுத்து மசாலா அரைத்துக்கொண்டிருந்தாள். அத்தையும் சாப்பிட வந்து நடுவீட்டில் உட்கார்ந்திருந்தாள். என் பொய் மூன்று நாள் முடிந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. நான் தோட்டத்துப் பக்கம் போய்விட்டு வந்து, அடுப்படிக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இனி மறுபடியும் பாயை எடுத்துக்கொண்டு பின்வாசலில் உட்கார முடியாது. உட்கார்ந்தால் அத்தை கேட்பாள். ஒன்றிலிருந்து ஒன்றாக எல்லாம் அவிழ்ந்துவிடும்.

அம்மா என்னை நிமிர்ந்து பார்த்தாள். அரைப்பதை நிறுத்தினாள்.

"நெசமாவா?" என்றாள்.

ம் என்றேன்.

அவள் வாயை முந்தானையால் பொத்திக்கொண்டாள். சிரிக்கிறாள் என்றுதான் முதலில் நினைத்தேன். தோள் குலுங்கியது. கையில் ஒட்டியிருந்த மிளகாய் பட்டுக் கண் இன்னும் எரிந்திருக்கும். நடுவீட்டில் மாமா எதையோ சத்தமாகப் பேசிக்கொண்டிருந்தார். அம்மா கையைக் கழுவினாள். பெட்டியில் கீழே மடித்து வைத்திருந்த பழைய வேட்டித் துணியைக் கிழித்து என்னிடம் கொடுத்து, எப்படி என்று நாலு வார்த்தையில் சொன்னாள். நான் போய்விட்டு வந்தேன். அந்த நேரத்தில் நான் அடுப்படிக்குள் வரவே கூடாது. வராமல் இருந்தாலும் மாட்டிக்கொள்வேன். என்ன செய்வதென்று தெரியாமல் வாசற்படியில் நின்றேன்.

அம்மா என் கையைப் பிடித்து உள்ளே இழுத்தாள். அலமாரியிலிருந்து சர்க்கரை டப்பாவை எடுத்தாள். பெண் பெரியவளானால் தாய் முதலில் அவள் வாயில் சர்க்கரை போடுவாள் என்று நான் கேள்விப்பட்டிருக்கிறேன். போன வருடம் பந்தலும் ஃப்ளெக்ஸும் வைத்த கூட்டத்தில் அம்மா அதைச் செய்யவில்லை. இப்போது விரல்நுனியில் ஒரு சிட்டிகை எடுத்து என் வாயில் வைத்தாள். மசாலா வாசனை போகாத விரல். தலையில் கையை வைத்து ஒரு நிமிடம் அப்படியே நின்றாள்.

பிறகு சோற்றுத் தட்டை எடுத்து என் கையில் கொடுத்தாள்.

"மாமனுக்குக் கொண்டுபோய் வையி" என்றாள்.

கொண்டுபோனேன். குனிந்து வைத்தேன். மாமா நிமிர்ந்து பார்த்து, என்ன பாப்பா, மூஞ்சி வாடியிருக்கு என்று கேட்டார். அத்தையும் என்னைப் பார்த்தாள். வாயில் சர்க்கரை கரைந்துகொண்டிருந்ததால் நான் தலையை மட்டும் ஆட்டினேன்.